பார்சலின் கரிமக் கணக்கு: வேனைவிட விமானத்தைக் கவனியுங்கள்

உங்கள் கேள்வி இது. சிங்கப்பூரிலிருந்து இணையம் வழியாகச் சேலை, பித்தளை விளக்கு, பூஜைப் பொருள்கள் விற்கிறீர்கள். சரக்கு சென்னையிலிருந்து விமானத்தில் வருகிறது. தீவுக்குள் கூரியர் வேன் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. லண்டனுக்கும் அவ்வப்போது பார்சல் போகிறது. பார்சலுக்கு 20 காசு கூடுதலாகக் கொடுத்தால் மரம் நட்டு, கரிம வெளியேற்றத்தை ஈடு செய்துவிடுவதாக ஒரு கூரியர் நிறுவனம் சொல்கிறது. சேரலாமா, வேறு நல்ல வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குச் சேர வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்கள் எண்ணம் மிகச் சரியானது. 20 காசும் பெரிய தொகையில்லை. ஆனால் அந்தத் திட்டம் உங்கள் வெளியேற்றத்தின் மிகச் சிறிய பகுதியைத்தான் தொடுகிறது. பெரிய பகுதி சென்னைக்கும் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே வானத்தில் இருக்கிறது. அதைத் தொடாமல் மரம் நடுவதால் மனநிறைவு கிடைக்கலாம், கணக்கு நேராகாது. ஏன் என்பதை எண்களோடு சொல்கிறேன். சரக்குப் போக்குவரத்தின் கரிமக் கணக்கு என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேன். டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒரு கூரியர் வேன் நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடி, 10 லிட்டர் டீசல் குடித்து, 120 பார்சல்களைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 27 கிலோ. பார்சலுக்குப் பிரித்தால் 225 கிராம். சிங்கப்பூர் சின்னத் தீவு, கிழக்கிலிருந்து மேற்குக்கு 50 கிலோமீட்டர்தான். மக்களில் பெரும்பாலோர் அடுக்குமாடிகளில் நெருக்கமாக வாழ்கிறோம். ஒரே புளோக்கில் பத்துப் பார்சல்களைக் கொடுத்துவிட்டு அடுத்த புளோக்குக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து போகும் விநியோக ஊழியரை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். அதனால்தான் இங்கே கடைசிக் கட்டப் பயணத்தின் வெளியேற்றம் பல நாடுகளைவிடக் குறைவாக இருக்கிறது.

இப்போது அந்த 20 காசைப் பாருங்கள். 225 கிராமுக்கு 20 காசு என்றால் ஒரு டன்னுக்குக் கிட்டத்தட்ட 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சிங்கப்பூர் அரசாங்கம் பெரிய ஆலைகளிடம் வாங்கும் கரிம வரியே 2026, 2027 ஆண்டுகளில் டன்னுக்கு 45 வெள்ளிதான். காற்றிலிருந்து கரியமில வாயுவை இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பதற்குக் கேட்கும் அளவிலான விலையைக் கொடுத்து நீங்கள் மரக்கன்று வாங்குகிறீர்கள். பணம் எங்கே போகிறது, எத்தனை டன்னுக்குக் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்து விமானம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் பறக்கவைத்தால் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வெளியேற்றம் என்பது கணக்கர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் நீராவிப் புகையின் வெப்ப விளைவையும் சேர்த்தால் மேல் எல்லைக்குப் போகும், சேர்க்காவிட்டால் கீழ் எல்லையில் நிற்கும். சேர்ப்பதே நேர்மையானது என்பது என் கருத்து. அந்த வெப்பம் காகிதத்தில் விடுபட்டாலும் காற்றில் விடுபடுவதில்லை. ஆக, ஒரு கிலோ சரக்குக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ. வேனின் 225 கிராமுக்கு எதிரே இதை வைத்துப் பாருங்கள்.

அதே ஒரு கிலோ கப்பலில் வந்தால்? கன்டெய்னர் கப்பலுக்கு டன்-கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கே வரக் கடல்வழித் தூரமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கணக்குப் போட்டால் 50 கிராம்கூட வராது. விமானத்தில் வரும் சேலைக்கும் கப்பலில் வரும் சேலைக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது முப்பது மடங்கு, உயர விளைவையும் சேர்த்தால் அறுபது மடங்கு.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும்: "பயணிகள் விமானம் எப்படியும் பறக்கத்தானே போகிறது, அதன் அடிப்பகுதியில் என் இரண்டு பெட்டி ஏறுவதால் என்ன கூடிவிடும்?" நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் கூடுகிறது. அதைவிட முக்கியம், சரக்கு வருமானமும் சேர்ந்துதான் ஒரு விமானப் பாதையை லாபமுள்ளதாக ஆக்குகிறது. எல்லாரும் "என் பெட்டி ஒன்றுதானே" என்று நினைத்து ஏற்றும் பெட்டிகள் சேர்ந்துதான் அடுத்த விமானம். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 14083 என்ற 2023-ஆம் ஆண்டுத் தரநிலையும், அதற்கு அடித்தளமாக இருந்த கிளெக் என்ற கணக்கு முறையும், பயணிகள் விமானத்தில் போகும் சரக்குக்கும் அதன் பங்கைப் பிரித்துக் கொடுக்கின்றன. கூரியர் நிறுவனமோ சரக்கு முகவரோ உங்களுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால், அது இந்தத் தரநிலைப்படி போட்ட கணக்கா என்று கேளுங்கள். ஆம் என்றால் நம்பிக்கையோடு மேலே பேசலாம்.

இனி உங்கள் அளவுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டுக்கு 2,000 ஆர்டர், சென்னையிலிருந்து விமானத்தில் 2 டன் சரக்கு, லண்டனுக்கு ஒரு கிலோ பார்சல்கள் 100 என்று கொள்வோம். சென்னைப் பயணத்துக்கு மேல் எல்லையில் 6 டன். தீவுக்குள் விநியோகத்துக்கு அரை டன்னுக்கும் குறைவு. லண்டன் ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர், எனவே 100 பார்சல்களுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல். கூட்டினால் ஏழரை டன். இதை முழுவதும் 45 வெள்ளி விலையில் மதிப்பிட்டால் ஏறக்குறைய 340 வெள்ளி. கூரியர் நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்தால் 2,000 பார்சல்களுக்கு 400 வெள்ளி, அதுவும் அந்த அரை டன்னை மட்டும் ஈடு செய்ய. இப்போது நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது தெளிவாக இருக்கும்.

ஆகவே முதல் வேலை, சரக்கில் எவ்வளவைக் கப்பலுக்கு மாற்ற முடியும் என்று பார்ப்பது. இதுதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய பிடி. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

உங்கள் பொருள்களில் அவசரம் எதற்கு உண்டு என்று பிரித்துப் பாருங்கள். மல்லிகைச் சரம், வெற்றிலை, பால் இனிப்பு போன்றவை விமானத்தில்தான் வர வேண்டும். குத்துவிளக்கு கெட்டுப்போகாது. பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் தட்டு, ஊதுபத்தி, விபூதி எதுவும் ஒரு மாதத்தில் வீணாகாது. இவைதான் எடை கூடியவையும்கூட. ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கின் எடையில் பல பட்டுச் சேலைகள் அடங்கிவிடும். விளக்குகளை மட்டும் கப்பலுக்கு மாற்றினாலே உங்கள் 6 டன்னில் பெரும்பகுதி கரைந்துபோகக்கூடும்.

முழுக் கன்டெய்னரை நிரப்பும் அளவுக்கு உங்களிடம் சரக்கு இருக்காது. தேவையுமில்லை. பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றும் முறை இருக்கிறது. சரக்கு முகவர்கள் எல்.சி.எல். என்பார்கள். கன அளவுக்குக் கட்டணம், ஒரு கன மீட்டரே போதும். கப்பல் பயணம் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். சென்னையில் சேர்த்து ஏற்றவும் இங்கே பிரித்து எடுக்கவும் சுங்க வேலைகளுக்கும் நாள் பிடிக்கும் என்பதால், கிடங்கிலிருந்து வீடு வரை மூன்று நான்கு வாரங்களை ஒதுக்கிவையுங்கள். விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் பணமே உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

இதில் சிரமம் இல்லாமல் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலிருந்து தொழில் செய்பவருக்கு இடம்தான் பெரிய பிரச்சினை. ஒரு கன மீட்டர் பெட்டிகள் வந்து இறங்கினால் வரவேற்பறையில் நடக்க வழி இருக்காது. முதலீடும் இரண்டு மாதம் பெட்டிக்குள் முடங்கும். சேலையில் இன்னொரு சங்கடம், இந்த மாதம் எல்லாரும் கேட்கும் நிறம் அடுத்த மாதம் திரும்பிப் பார்க்கப்படாது. அதனால் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றச் சொல்லமாட்டேன். எப்போதும் விற்கும் அடிப்படைச் சரக்கைக் கப்பலிலும், புதிய வடிவங்களைச் சிறு அளவில் விமானத்திலும் வரவழையுங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் காலங்காலமாகக் கடை நடத்துபவர்கள் பாத்திரத்தையும் அரிசியையும் கப்பலில்தானே இறக்குகிறார்கள்.

தீபாவளிச் சரக்குக்கு விமானம் தேவைப்படுவதற்குக் காரணமே இல்லை. தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். 2026-இல் நவம்பர் 8. காம்பெல் லேனில் தீபாவளிச் சந்தை களைகட்டும் நேரத்தில்தான் வாடிக்கையாளர் வாங்கத் தொடங்குகிறார். ஆகஸ்டில் சென்னையில் ஏற்றினால் செப்டம்பர் கடைசிக்குள் உங்கள் அலமாரியில் இருக்கும். நெசவாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ ஜூனிலேயே ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே இதற்கு விலை. அவர்களுக்கும் அது நல்லதுதான், கடைசி நேர நெருக்கடி இல்லை.

நம் மாதிரிக் கணக்கில் 2 டன்னில் ஒன்றரை டன்னைக் கப்பலுக்கு மாற்றினால், 6 டன் வெளியேற்றம் 1.6 டன்னுக்கும் கீழே வந்துவிடும். மொத்தம் ஏழரையிலிருந்து மூன்றுக்குச் சற்று மேல். நான்கு டன்னுக்கு மேல் உண்மையாகவே குறைந்திருக்கிறது. எந்தச் சான்றிதழும் இதற்குத் தேவையில்லை.

விமானத்தில் வரும் மிச்சத்துக்கு ஒரு குறிப்பு. உங்கள் ஏர்வே பில்லை, அதாவது விமானச் சரக்குச் சீட்டை, எடுத்துப் பாருங்கள், இரண்டு எடைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று தராசு காட்டிய எடை, மற்றது கட்டணத்துக்குரிய எடை. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கின்றன. 60-க்கு 40-க்கு 40 பெட்டி என்றால் 19.2 கிலோ. உள்ளே 10 கிலோ சேலை மட்டும் இருந்தால், மீதி 9 கிலோவுக்குக் காற்றைப் பறக்கவைக்கப் பணம் கட்டுகிறீர்கள். ஒவ்வொரு சேலைக்கும் தனி அட்டைப்பெட்டி போட்டு அனுப்புவதை நிறுத்தி, துணிப்பையில் தட்டையாக அடுக்கச் சொல்லுங்கள். அந்த அட்டையும் பிளாஸ்டிக்கும் கடைசியில் எரிக்கப்பட்டு, சாம்பல் போய்ச் சேரும் ஒரே நிரப்பிடமான புலாவ் செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே எச்சரித்திருக்கிறது.

தீவுக்குள் விநியோகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்சலுக்கு 225 கிராம் என்று பார்த்தோம். அது இரட்டிப்பாவது வீட்டில் ஆள் இல்லாமல் வேன் மறுபடி வரும்போதுதான். கூரியரில் மறு விநியோகம் எத்தனை விழுக்காடு என்று மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் பக்கத்திலேயே "வாசலில் வைத்துவிடலாம்" என்ற தெரிவையும், பொதுப் பார்சல் பெட்டகத்தில் எடுத்துக்கொள்ளும் தெரிவையும் முதலில் காட்டுங்கள். 2021-இல் தொடங்கிய பிக் பெட்டகக் கட்டமைப்பு, வீவக புளோக்குகளிலிருந்து 250 மீட்டருக்குள் ஒரு பெட்டகம் என்ற குறிக்கோளோடுதான் அமைக்கப்பட்டது. வாடிக்கையாளர் ரயிலிலிருந்து இறங்கி நடந்து போகும் வழியில் எடுத்துக்கொண்டால் நன்மை. அதற்காகவே காரை எடுத்தால் எல்லாம் போயிற்று.

மின்சார வேன் வைத்திருக்கும் கூரியரைத் தேர்ந்தெடுப்பது நல்லதுதான். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் மின்வேனும் வெளியேற்றமே இல்லாதது ஆகிவிடாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.4 கிலோவுக்குச் சற்று மேல். கிலோமீட்டருக்குக் கால் யூனிட் செலவாகும் என்று வைத்தால் 100 கிராம், டீசல் வேனுக்கோ 270 கிராம். பாதிக்கும் கீழே இறங்குகிறது. கட்டணம் ஒன்றாக இருந்தால் மின்வேன்காரரிடமே கொடுங்கள்.

திருப்பி அனுப்பப்படும் பொருளை மறந்துவிடாதீர்கள். சேலை திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் நிறம். படத்தில் மயில்கழுத்து நிறமாகத் தெரிந்தது கையில் வெறும் நீலமாக இருந்தால் திருப்பித்தான் அனுப்புவார்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு படம், விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம், முந்தானையை விரித்து ஒரு சிறு காணொளி. இந்த மூன்றும் உங்கள் கரிமக் கணக்கையும் காக்கும், லாபத்தையும் காக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் ஈடு. நம் கணக்கில் மூன்று டன்னுக்குச் சற்று மேல்.

கார்பன் கிரெடிட் என்பது, வேறெங்கோ ஒரு டன் கரியமில வாயு வெளியேறாமல் தடுக்கப்பட்டது அல்லது காற்றிலிருந்து அகற்றப்பட்டது என்பதற்கான சான்று. எண்ணம் நல்லது. ஆனால் அந்த ஒரு டன் உண்மையிலேயே ஒரு டன்தானா என்பதில்தான் இந்தச் சந்தை கடந்த சில ஆண்டுகளில் பலத்த அடி வாங்கியிருக்கிறது. 2023 ஜனவரியில் பிரிட்டிஷ், ஜெர்மானியப் பத்திரிகைகள் சேர்ந்து வெளியிட்ட புலனாய்வு, வெர்ரா என்ற மிகப் பெரிய சான்றளிப்பு அமைப்பின் மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெர்ரா அந்த ஆய்வு முறையை மறுத்தது. புகையில்லா அடுப்புத் திட்டங்களை ஆராய்ந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள், அவர்கள் எடுத்த மாதிரியில் கிரெடிட்டுகள் ஏறக்குறைய ஒன்பது மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருப்பதாக 2024-இல் எழுதினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், கிரெடிட்டுகளின் தரத்தை மதிப்பிடும் தன்னார்வக் கரிமச் சந்தைக்கான நேர்மைப் பேரவை, அப்போது நடப்பில் இருந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முறைகளுக்குத் தன் தர முத்திரை கிடையாது என்று அறிவித்தது. சந்தையில் மூன்றில் ஒரு பங்கு அந்த வகை. காற்றாலையும் சூரிய மின்நிலையமும் இன்று கிரெடிட் பணம் இல்லாமலேயே லாபகரமாகக் கட்டப்படுகின்றன. எப்படியும் நடந்திருக்கும் ஒன்றுக்கு நீங்கள் பணம் கொடுத்தால் காற்றில் எதுவும் மாறவில்லை.

நல்லதைக் கண்டுபிடிக்க நம் ஊரிலேயே ஒரு சல்லடை இருக்கிறது. ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியேற்றும் ஆலைகள் கரிம வரி கட்டுகின்றன. 2024 முதல் அவை வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை அனைத்துலகக் கிரெடிட்டுகளால் ஈடு செய்யலாம். அதற்கு அரசாங்கம் ஏழு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: இருமுறை எண்ணப்படக்கூடாது, கிரெடிட் இல்லாவிட்டால் நடந்திருக்காததாக இருக்க வேண்டும், உண்மையானதாக இருக்க வேண்டும், அளந்து சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், நிலைத்து நிற்க வேண்டும், யாருக்கும் தீங்கு இழைக்கக்கூடாது, இங்கே தடுத்தது வேறிடத்தில் நடக்கக்கூடாது. பாப்புவா நியூ கினி, கானா, பூட்டான், பெரு போன்ற நாடுகளோடு இதற்கென ஒப்பந்தமும் செய்திருக்கிறது. உங்களுக்கு அந்த வரி பொருந்தாது. ஆனாலும் அந்த ஏழையும் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் பாதி விற்பனையாளர்கள் பதில் சொல்லத் திணறுவார்கள்.

மரக்கன்றுத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகின்றன. நட்ட முதல் சில ஆண்டுகளில் கன்று உறிஞ்சுவது மிகக் குறைவு. நீங்கள் இன்று வெளியேற்றியதை அது எடுத்துக்கொள்ளப் பல ஆண்டுகள் பிழைத்திருக்க வேண்டும். அதுவரை யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பட்டுப்போனால் யார் மாற்றி நடுகிறார்கள், யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? மரம் நட வேண்டும் என்ற ஆசை இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் மரம் நடும் திட்டத்துக்கு நன்கொடை கொடுங்கள், நம் ஊருக்கு நிழல் கிடைக்கும். அதைக் கரிம ஈடு என்று எழுதாதீர்கள்.

வாங்கும்போது நான் பார்ப்பவை: திட்டம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, கிரெடிட்டின் வரிசை எண் என்ன, எந்த ஆண்டில் நடந்த குறைப்பு, என் நிறுவனத்தின் பெயரில் அது "பயன்படுத்தி முடிந்தது" என்று பதிவேட்டில் மூடப்பட்டிருக்கிறதா. கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. மூடப்படாத கிரெடிட்டை நாளை இன்னொருவருக்கு விற்கலாம். வகைகளில், குப்பைமேட்டு மீத்தேனைப் பிடித்து எரிப்பதும், பழைய குளிர்பதன வாயுக்களை அழிப்பதும் எனக்கு நம்பிக்கை தருபவை. மேற்சொன்ன பேரவை 2024 ஜூனில் முதன்முதலாக முத்திரை கொடுத்ததும் இந்த இரு வகை முறைகளுக்குத்தான். பயோசார் எனப்படும் மரக்கரியை மண்ணில் புதைக்கும் முறை காற்றிலிருந்து உண்மையாகவே கரிமத்தை எடுத்து நெடுங்காலம் பூட்டிவைக்கிறது. டன்னுக்கு நூறு அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும். மூன்று டன்தானே, தாங்கக்கூடியதுதான்.

கிளைமேட் இம்பாக்ட் எக்ஸ் என்று 2021-இல் டிபிஎஸ், சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், தெமாசெக் நான்கும் சேர்ந்து தொடங்கிய சந்தை இங்கேயே இருக்கிறது, ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கான இடம். உங்களைப் போன்றவர்களுக்கு, கிரெடிட்டுகளுக்குச் சான்றளிக்கும் கோல்டு ஸ்டாண்டர்டு அமைப்பின் இணையச் சந்தை ஏற்றது. ஓரிரு டன்னாகவே வாங்கலாம், உங்கள் பெயரில் மூடிச் சான்றும் தருவார்கள். உங்கள் கடை ஷாப்பிஃபை தளத்தில் இருந்தால் பிளானெட் என்ற செயலி ஒவ்வோர் ஆர்டரின் போக்குவரத்து வெளியேற்றத்தையும் மதிப்பிட்டு, காற்றிலிருந்து கரிமத்தை அகற்றும் திட்டங்களுக்குப் பணம் அனுப்பும். ஆனால் அது உங்களிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் பயணத்தை மட்டுமே எண்ணும். சென்னையிலிருந்து வந்த பயணத்தை நீங்கள்தான் தனியாகக் கணக்கிட வேண்டும்.

லண்டன் பார்சல்களுக்கு நான் வேறொரு வழியையே விரும்புவேன். அதில் கப்பல் சரிப்படாது, விமானம்தான். சில கூரியர் நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு நீடித்த நிலைத்தன்மையுள்ள விமான எரிபொருளை உங்கள் பார்சலின் பேரில் வாங்குகின்றன. டிஎச்எல் எக்ஸ்பிரஸின் கோகிரீன் பிளஸ் அப்படிப்பட்டது. பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து தயாராகும் அந்த எரிபொருள், உற்பத்தி முதல் எரிவது வரையிலான வெளியேற்றத்தை 80 விழுக்காடு வரை குறைக்கும். உலகின் மிகப் பெரிய உற்பத்தி ஆலைகளில் ஒன்று நம் துவாசிலேயே இருக்கிறது. நெஸ்டே நிறுவனம் 2023-இல் அதை விரிவாக்கி ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வரை தயாரிக்கும் திறனை உருவாக்கியது. உங்கள் பார்சல் ஏறும் விமானத்திலேயே அந்த எரிபொருள் இருக்காது, வேறொரு விமானத்தில் ஊற்றிவிட்டு உங்கள் கணக்கில் பதிவார்கள். பரவாயில்லை. உங்கள் பணம் உங்கள் தொழில் பயன்படுத்தும் அதே வானப் போக்குவரத்தை மாற்றப் போகிறது. எங்கோ ஒரு காட்டைப் பற்றிய யூகத்தைவிட அது உறுதியானது. சிங்கப்பூரும் இங்கிருந்து புறப்படும் விமானங்களுக்கு இந்த எரிபொருளுக்கான தீர்வையை 2026-இல் கொண்டுவருவதாக 2024-இல் அறிவித்தது. விமான எரிபொருளில் இதன் பங்கு ஒரு விழுக்காட்டில் தொடக்கம், 2030-க்குள் மூன்று முதல் ஐந்து விழுக்காடு இலக்கு.

பணத்தை யார் கட்டுவது? ஆர்டர் பக்கத்தில் ஒரு கட்டம் வைத்து வாடிக்கையாளரைக் கேட்பது பலருடைய வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. சரக்கு விமானத்தில் வருவதா கப்பலில் வருவதா என்று முடிவு செய்வது நீங்கள், அதனால் பொறுப்பும் உங்களுடையது. 2019-இல் கைவினைப் பொருள் இணையச் சந்தையான எட்ஸி தன் தளத்தின் எல்லா விநியோகங்களையும் ஈடு செய்யத் தொடங்கியபோது வாங்குபவரிடமோ விற்பவரிடமோ காசு கேட்கவில்லை. உங்களுக்கு நான் சொல்வது இது: டன்னுக்கு 45 வெள்ளி என்று நீங்களே உங்களுக்கு ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டின் ஏழரை டன்னுக்கு 340 வெள்ளியைத் தனியே எடுத்துவையுங்கள். அதில் முதல் செலவு கப்பலுக்கு மாறுவதற்கானது, சரக்கு வைக்கச் சின்னக் கிடங்கின் வாடகையாகவும் இருக்கலாம். மிஞ்சுவதில் எரிபொருளும் கிரெடிட்டும் வாங்குங்கள். அரசாங்கம் 2030-க்குள் கரிம வரியை 50 முதல் 80 வெள்ளிக்குள் உயர்த்தத் திட்டமிட்டிருக்கிறது. அது ஏறும்போது உங்கள் வரியையும் ஏற்றுங்கள்.

இணையப் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் தேவை. "கரிமமற்ற விநியோகம்", "பசுமைச் சேலை" போன்ற சொற்கள் வேண்டாம். இங்கே போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் ஆதரவில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், இணையத்தில் விற்கும் பொருள்களின் சுற்றுச்சூழல் கூற்றுகளில் பாதிக்கும் மேல் தெளிவற்றவை என்று தெரிந்தது. வாடிக்கையாளரைத் தவறாக எண்ணவைக்கும் கூற்று, நியாய வர்த்தகச் சட்டத்தின்கீழ் பிரச்சினையாகலாம். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் போட்டி ஆணையமே நேரடியாக அபராதம் விதிக்க முடியும். பின்னால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் விற்கத் தொடங்கினால், ஈட்டை அடிப்படையாகக் கொண்டு ஒரு பொருளைக் கரிமச் சமன் என்று சொல்வதே 2026 செப்டம்பர் 27 முதல் அங்கே தடை. என்ன செய்தீர்களோ அதையே எழுதுங்கள். உதாரணமாக: "2026-இல் எங்கள் சரக்கில் முக்கால் பங்கைக் கப்பலில் வரவழைத்தோம். மிச்ச வெளியேற்றம் மூன்று டன் என்று மதிப்பிட்டோம், அதற்கு இன்ன திட்டத்தில் கிரெடிட் வாங்கியிருக்கிறோம், வரிசை எண் இது." நம் வாடிக்கையாளர்கள் விவரமானவர்கள், இதை மதிப்பார்கள்.

உங்கள் கூரியர் நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பார்சலுக்கு எத்தனை கிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், எந்தத் தரநிலைப்படி, அந்த 20 காசில் எவ்வளவு திட்டத்துக்குப் போகிறது, கன்றுகள் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன என்று நான்கு கேள்விகள் போதும். தெளிவான பதில் வந்தால் மறுபரிசீலனை செய்யலாம். வராவிட்டால் அந்த 400 வெள்ளியை வைத்து சென்னை முகவரிடம் எல்.சி.எல். கட்டணம் கேளுங்கள். பித்தளைச் சாமான்களின் மொத்த எடையையும் கன அளவையும் முன்கூட்டியே அளந்து சொன்னால் விலை சீக்கிரம் வரும்.